தருமபுரியில் கூட்டு முயற்சிகள்: உலக நிதி, தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம்

உலக நிறுவனங்களின் நிதியும், தொண்டு நிறுவனங்களின் களப்பணியும், பல்கலைக்கழகங்களின் ஆய்வும் ஒரே மண்ணில் அடுத்தடுத்து இறங்கிய மாவட்டங்களைத் தமிழ்நாட்டில் எண்ணினால் தருமபுரி முன்வரிசையில் வரும். மகளிர் சுயஉதவிக் குழு, பெண் சிசுக்கொலைத் தடுப்பு, துல்லியப் பண்ணையம், ஃபுளோரைடு இல்லாத குடிநீர், சிறுதானிய மீட்பு எனப் பின்னாளில் மாநிலம் முழுவதும் பேசப்பட்ட பல முயற்சிகள் இங்கே தொடங்கின, அல்லது இங்கே பெரிய அளவில் சோதிக்கப்பட்டன. அவற்றில் எவை திட்டக்காலம் முடிந்த பிறகும் நிலைத்தன, ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகம் எந்த இடத்தில் நின்றது என்ற இரு கேள்விகளையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எனவே 2004க்கு முந்தைய செய்திகள் ஓசூர், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை எல்லாம் உள்ளடங்கிய பழைய மாவட்டத்தைக் குறிக்கும். காவிரி ஒகேனக்கல் வழியாகவும் தென்பெண்ணை கிழக்கிலும் ஓடினாலும் மாவட்டத்தின் பெரும்பகுதி மானாவாரி நிலம். மற்ற நிலத்துக்குக் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15,06,843 பேர் வாழ்ந்த இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகும் குடும்பங்கள் ஏராளம். வெளியிலிருந்து உதவி வரக் காரணம் இந்த நிலைமைதான். அதே காரணத்தால், வந்தவர்கள் தருமபுரியைத் தங்கள் வழிமுறைகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாகவும் கொண்டார்கள்.

இவ்வரிசையில் முதலில் நிற்பது 1989ஆம் ஆண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கிளையான பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அவ்வாண்டு செப்டம்பரில் தருமபுரியில் தொடங்கியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா என்ற தொண்டு நிறுவனம் களப்பணியில் இறங்கியது. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. பத்துப் பதினைந்து பெண்கள் கூடி வாரந்தோறும் சிறு தொகை சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கி, கணக்கு நேர்மையாக இருந்தால் வங்கிக்குப் போவது என்ற முறை இங்கே வேரூன்றியது. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் எனப் பரவி, 1990களின் பிற்பகுதியில் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதையும் தழுவியது. அஞ்செட்டிப் பக்கம் 1979இல் பணி தொடங்கிய ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் என்ற தொண்டு நிறுவனமும் 1989 முதல் குழுக்களைக் கட்டியது. அதன் நிறுவனர் குழந்தை பிரான்சிஸுக்கு 2012இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

இந்த முயற்சியில் பல்கலைக்கழகத்துக்கு இடம் இருக்கவில்லை. நிதி வெளிநாட்டிலிருந்து வந்தது, திட்டம் அரசுடையது, களம் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு, கணக்கு வங்கியினுடையது. பல்கலைக்கழகங்கள் பின்னால் வந்து குழுக்களைப் பற்றி ஆய்வேடுகள் எழுதின. சுயஉதவிக் குழு பற்றிய முனைவர் பட்ட ஆய்வு இல்லாத சமூக அறிவியல் துறையைத் தமிழகத்தில் காண்பது அரிது. கேள்வித்தாளோடு வந்தவர்களுக்குக் குழுப் பெண்கள் மணிக்கணக்கில் பதில் சொன்னார்கள். அந்த ஆய்வேடுகளின் முடிவு எந்தக் குழுக் கூட்டத்திலும் படித்துக் காட்டப்படும் வழக்கம் மட்டும் உருவாகவில்லை. ஆய்வுக்குத் தகவல் தந்தவர்களுக்கே ஆய்வு திரும்பிச் சேராத இக்குறை அடுத்து வரும் பல முயற்சிகளிலும் தொடர்கிறது.

விதிவிலக்கு உண்டு. 1990களில் சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களில் பிறந்த சில நாட்களுக்குள் பெண் குழந்தைகள் இறப்பது அதிகமாக இருப்பதை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளே காட்டின. டென்மார்க் அரசின் டானிடா உதவியில் நடந்த நலவாழ்வுத் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்த எண்களைச் சேர்த்துப் படித்து, சிசுக்கொலை எந்தெந்த வட்டாரங்களில் குவிந்திருக்கிறது என்று காட்டினார்கள். அத்தோடு நிற்காமல் 1997 முதல் 1999 வரை தருமபுரியில் 'கலைப்பயணம்' என்ற பெயரில் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராக ஓர் இயக்கம் நடந்தது. மிரட்டலும் வழக்கும் மட்டும் போதாது, ஊரே தன் வாயால் இதைப் பேச வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெண் சிசு இறப்புகள் குறைந்ததை இருவரும் 2000இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் பதிவு செய்தனர்.

இங்கே ஆய்வாளர், அதிகாரி, கலைஞர், கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆகிய நால்வரும் ஒரே கேள்வியில் இறங்கினார்கள். எண்ணைத் தேடியது செயலுக்காக. செயலின் விளைவை அளந்ததும் அதே பதிவேட்டில். தருமபுரியின் 0–6 வயதுப் பாலின விகிதம் 2001இல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளாக இருந்தது. 2011இல் அது 913 ஆனது. இந்த உயர்வை ஒரே இயக்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தைகளை அரசிடம் ஒப்படைக்க வழி செய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இம்மாவட்டத்துக்கு விரிவானது, பெண்கல்வியும் கூடியது, கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமும் நடைமுறையில் இருந்தது. இருந்தாலும் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரின் அறிவு இம்மாவட்டத்துக்கு நேரடியாகப் பயன்பட்ட மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இதுவே.

வேளாண்மைக்கு வந்தால் முதலில் பேச வேண்டியது துல்லியப் பண்ணையம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004–05 முதல் மூன்றாண்டுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டேரில் இதை நடத்தியது. மாநில அரசு 7.20 கோடி ரூபாய் ஒதுக்கியது. முதலாண்டு 100, இரண்டாமாண்டு 200, மூன்றாமாண்டு 100 எக்டேர். உளிக்கலப்பையால் ஆழ உழுவது, நிழல்வலைக் குடிலில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் வீரிய ஒட்டு நாற்று வளர்ப்பது, சொட்டு நீர்க் குழாய் வழியாகவே நீரில் கரையும் உரத்தைப் பயிரின் வயதுக்கேற்ப அளந்து கொடுப்பது ஆகியவை இதன் உள்ளடக்கம். தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ், மஞ்சள், வாழை எனப் பல பயிர்களில் இது செய்து பார்க்கப்பட்டது.

தொழில்நுட்பத்தைவிட அதைக் கொண்டு சேர்த்த முறையே கவனிக்கத் தக்கது. முதலாண்டில் சேர்ந்த உழவருக்குச் செலவு முழுவதும் மானியம். அடுத்த ஆண்டு 90 விழுக்காடு. மூன்றாம் ஆண்டு 80. துணிந்து முதலில் வந்தவருக்கு அதிக உதவி, பார்த்துவிட்டு வந்தவருக்குக் குறைவு என்ற இந்த ஏற்பாடு நன்கு யோசித்துச் செய்யப்பட்டது. அதற்கும் மேலாக, உழவர்கள் தனித்தனியே அல்லாமல் பதிவு பெற்ற துல்லியப் பண்ணைய உழவர் சங்கங்களாகத் திரட்டப்பட்டார்கள். இடுபொருளைச் சேர்ந்து வாங்கவும், விளைந்ததற்குச் சேர்ந்து விலை பேசவும், பக்கத்து ஊர்க்காரருக்குச் சொல்லிக் கொடுக்கவும் அந்தச் சங்கம் பயன்பட்டது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணி பெரும்பாலும் செயல்விளக்கத் திடலோடு முடிந்துவிடும். இங்கே உழவர் அமைப்பு ஒன்று உருவாகும்வரை அது நீண்டது. பின்னர் இம்முறை தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டத்தின் வழியாகப் பிற மாவட்டங்களுக்கும் சென்றது.

விளைவு என்ன? 2008இல் 'அக்ரிகல்ச்சுரல் எகனாமிக்ஸ் ரிசர்ச் ரிவ்யூ' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, தருமபுரியில் துல்லியப் பண்ணையத்தால் தக்காளி விளைச்சல் 80 விழுக்காடும் கத்தரி விளைச்சல் 34 விழுக்காடும் கூடியதாகக் கணக்கிட்டது. மொத்த இலாப வரம்பு தக்காளியில் 165, கத்தரியில் 67 விழுக்காடு உயர்ந்தது. இதைப் பின்பற்றாதவர்கள் சொன்ன முதன்மைக் காரணம் கையில் முதலும் கடன் வசதியும் இல்லாமை. அதாவது தடையாக இருந்தது பணமே. அந்த ஆய்வை எழுதியவர்களும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார். இதனால் அதன் மதிப்புக் குறையாது. ஆனால் திட்டத்தை நடத்திய நிறுவனமே அதை மதிப்பிடுவது போதாது. வேறொரு பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை இணைந்திருந்தால், மானியம் நின்று ஐந்தாண்டு கழித்து எத்தனை வயல்களில் குழாய் கிடக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

'நிலைத்த வளர்ச்சி' என்ற நோக்கில் இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. சொட்டு நீரால் ஏக்கருக்கு ஆகும் தண்ணீர் குறைவது உண்மை. மிச்சமான தண்ணீரில் உழவர் இன்னோர் ஏக்கரைப் பயிரிட்டால் நிலத்தடி நீர்மட்டத்துக்கு அதனால் பயன் இல்லை. ஒரு வயலில் அளந்து இதற்கு விடை காண முடியாது. ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதியையே பல ஆண்டுகள் அளக்க வேண்டும். இரண்டாவது கேள்வி விலை. விளைச்சல் கூடும் பருவத்தில் பாலக்கோடு சந்தையில் தக்காளி பறிகூலிக்கும் கட்டாமல் போவதும், உழவர் கோபத்தில் சாலையோரம் கொட்டுவதும் வட்டாரத்தில் எல்லோரும் கண்ட காட்சி. உற்பத்தியைப் பெருக்கும் அறிவியலோடு சந்தையைப் படிக்கும் அறிவியலும் வந்திருக்க வேண்டும்.

அடுத்து சிறுதானியம். பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், உலக நிறுவனம் மூன்றும் ஒரே திட்டத்தில் கைகோத்த எடுத்துக்காட்டு இதுதான். கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் நிதி தந்து 2011 முதல் 2014 வரை நடந்த திட்டத்தில் மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளையும் வின்னிபெக் நகரின் கனடிய மென்னனைட் பல்கலைக்கழகமும் தலைமை ஏற்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நேபாளம், இலங்கை நாடுகளின் தொண்டு நிறுவனங்களும் உடன் சேர்ந்தன. தமிழ்நாட்டில் அதன் களங்கள் ஜவ்வாது மலை, பேரையூர், அஞ்செட்டி. அடுத்த கட்டத்தில் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகம் வந்தது. அஞ்செட்டி இன்று கிருஷ்ணகிரியில் இருந்தாலும் மண்ணும் பயிரும் பென்னாகரம் மலைப்பகுதியின் தொடர்ச்சிதான்.

இத்திட்டத்தின் சிறப்பு, அது கேள்வியைச் சரியான இடத்திலிருந்து எடுத்ததுதான். சாமையும் வரகும் ஏன் தட்டிலிருந்து மறைந்தன என்று கேட்டால், ரேஷன் அரிசியும் மாறிய நாவும்தான் காரணம் என்று சொல்வது வழக்கம். மலையூர்ப் பெண்கள் வேறொன்றையும் சொன்னார்கள்: உரலில் இட்டு உமி நீக்கும் பாடு. கேழ்வரகை அப்படியே அரைத்துக் களி கிண்டிவிடலாம். சாமை அப்படியல்ல, கெட்டியான உமியை நீக்கினால்தான் அரிசி. ஒரு வேளைச் சோற்றுக்கு நெடுநேரம் குத்திப் புடைக்க வேண்டும். ஆலை தொலைவில் நகரத்தில் இருந்ததால் விளைந்ததை உமியோடு வியாபாரிக்கு விற்றுவிட்டு அரிசி வாங்குவதே மலிவாக முடிந்தது. எனவே ஊரிலேயே வைத்து ஓட்டக்கூடிய சிறு உமி நீக்கும் எந்திரத்தைச் செம்மைப்படுத்துவது திட்டத்தின் மையப் பணிகளில் ஒன்றானது. பொறியியல் ஆய்வாளரும் சிறு எந்திர உற்பத்தியாளரும் மலைக்கிராமப் பெண்களும் ஒரே மேசையில் உட்கார இது வழி செய்தது. பயிர் இரகம், உமி நீக்கல், உணவுப்பொருள் தயாரிப்பு, கொள்கை என்று வயலிலிருந்து வாய்வரை ஒரே தொடராகப் பார்த்ததால் எந்த ஒரு துறையும் தன் எல்லைக்குள் சுருங்கிக்கொள்ள முடியவில்லை. 2023இல் தமிழ்நாடு அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. சிறுதானியத்துக்கு நிலையான வாங்குபவர் கிடைப்பதே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்பதால் இது முக்கியமான அடுத்த படி.

பட்டு வளர்ப்பில் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையான ஜைக்கா 1991 முதல் 2007 வரை மத்திய பட்டு வாரியத்தோடு சேர்ந்து வெண்பட்டுக்கூடு உற்பத்தியைக் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் வளர்த்தது. தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் உழவர்களும் அதன் பயனை அடைந்தவர்களே. அங்கே அறிவைத் தந்தவை ஆராய்ச்சி நிலையங்கள்.

ஜைக்காவின் பெயர் இம்மாவட்டத்தில் நிலைத்தது வேறொன்றால். தருமபுரியின் பழமையான பாறைகளில் ஊறிவரும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாத நிலையில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதை மீறிய நீரைப் பிள்ளைப் பருவத்தில் குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதைத் தீர்க்கக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானின் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் முடிந்த இத்திட்டம் 2013 மே மாதம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது இரு மாவட்டங்களிலும் 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 6,755 ஊரகக் குடியிருப்புகள் இதன் பரப்பாக இருந்தன. மாவட்டத்துக்கு வந்த வெளிநாட்டு நிதியில் இதற்கு இணையான ஒன்றைக் காட்டுவது கடினம்.

குழாயும் நீரேற்று நிலையமும் பொறியாளர் வேலை; அது நடந்தது. ஆனால் 'பாதிப்புத் தணிப்பு' என்ற பின்பாதிக்குக் குழாய் மட்டும் போதாது. ஆற்றுநீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரும் கலந்து வரும் இடங்களில் வீட்டுக்குழாயில் ஃபுளோரைடு எவ்வளவு என்று தொடர்ந்து அளக்க வேண்டும். உணவும் இதில் சேரும். கால்சியமும் வைட்டமின் சி-யும் போதிய அளவில் உள்ள உணவு ஃபுளோரைடின் தீங்கைக் குறைக்கும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு, புளி சேர்த்த உணவு சிறுநீர் வழியே ஃபுளோரைடு வெளியேறுவதைக் கூட்டுவதாகக் காட்டியது. நூறு கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கொண்ட கேழ்வரகு இம்மண்ணின் பயிர். ஆக, சிறுதானியத் திட்டமும் குடிநீர்த் திட்டமும் ஒரே குழந்தையின் உடலில் சந்திக்கின்றன. கோப்புகளில் மட்டும் சந்திக்கவில்லை. வேதியியல், மருத்துவம், ஊட்டச்சத்து, நிலவியல் ஆகிய துறைகளை ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் நிறுவனமே இந்த இணைப்பைச் செய்யத் தகுந்தது.

இவற்றுக்கெல்லாம் மாறான வழியில் நடப்பது சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சித்தலிங்கிப் பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பைத் தொடங்கியபோது ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன என்பது அவ்வமைப்பின் பதிவு. மலையாளிப் பழங்குடிப் பெண்களையே நலப்பணியாளர்களாகப் பயிற்றுவித்து, குடிசையில் தொடங்கிய சிகிச்சையை மருத்துவமனையாக வளர்த்து, இறப்பு விகிதத்தை அதில் சிறு பங்காகக் குறைத்தார்கள். பிறகு இயற்கை உழவர் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையலை மீட்ட 'பொர்கை' குழுவும் உருவாயின. பெரிய உலக நிறுவனம் எதுவும் இதை வடிவமைக்கவில்லை. முப்பதாண்டுகள் ஒரே இடத்தில் இருந்ததும், உள்ளூராரைப் பொறுப்பில் அமர்த்தியதும்தான் இதன் வழிமுறை. மூன்றாண்டுத் திட்டம் எதனாலும் இதைப் பெற முடியாது. பல்கலைக்கழகங்கள் இங்கே சொல்லிக் கொடுக்க அல்லாமல் கற்றுக்கொள்ள வர வேண்டும். மருத்துவமும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை கிடைப்பது கடினம்.

கூட்டு முயற்சிகளை ஊக்குவிக்க நாட்டளவிலும் உலக அளவிலும் ஏற்பாடுகள் பெருகியுள்ளன. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் கடைசியானது கூட்டு முயற்சியையே இலக்காகக் கொண்டது. 2014இல் தொடங்கிய உன்னத பாரத இயக்கம் தன்னில் சேரும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்கச் சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கட்டளையிட்டது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பும் விரிவாக்கப் பணிக்கும் கூட்டுறவுக்கும் மதிப்பெண் தருகிறது. இதன் பக்கவிளைவாகப் புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையே சாதனையாகிவிட்டது. கையெழுத்திடும் நாளில் எடுத்த ஒளிப்படத்துக்குப் பிறகு எந்தப் பணியும் நடக்காத ஒப்பந்தத்தை எந்த மதிப்பீடும் கழித்துக் காட்டுவதில்லை.

மறுபுறம், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நன்கொடை பெறும் ஓர் அமைப்பு அதில் ஒரு பகுதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பணத்தின் போக்கைக் கண்காணிப்பது அரசின் கடமை. ஆயினும் ஒரு பெரிய அமைப்பு நிதியைப் பெற்று, மலையடிவாரத்துச் சிறு அமைப்புகளோடும் ஆய்வாளர்களோடும் பகிர்ந்து நடத்தும் கூட்டு வடிவத்துக்கு இது பெரும் முட்டுக்கட்டை. தனியே விண்ணப்பமும் கணக்கும் எழுதும் வசதியற்ற சிறு அமைப்புகளே முதலில் விலக நேரும்.

மேற்கண்ட முயற்சிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வெற்றிடம் தெரியும். அறிவு கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வின்னிபெக்கிலிருந்தும் வந்தது. தருமபுரியிலேயே உள்ள நிறுவனங்கள் எதிலும் முதன்மைப் பங்காளியாக இருக்கவில்லை. 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் இங்கே இருக்கிறது. அரசு கலைக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி, அரசு பொறியியல் கல்லூரி, பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் எல்லாம் உண்டு. இவற்றில் படிப்பவர்களில் பலர் ஃபுளோரைடு மிகுந்த கிணறுகளின் நீரைக் குடித்து வளர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் திட்டம் முடிந்ததும் போய்விடுவார். இவர்களின் வீடு இங்கேயே இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1977 முதல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் ஊரக நலப் பணிக்கென ஒரு துறையையே நிலையாக நடத்துவதும், காந்திகிராமம் ஊரகக் கல்விக்காகவே நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்ததும் கல்லூரிக்கு அருகிலேயே களம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகம் தரும் சான்றுகள்.

தொடக்கத்துக்குப் பெரிய நிதி தேவையில்லை. வேதியியல் துறையுள்ள எந்தக் கல்லூரியாலும் நீரில் ஃபுளோரைடை அளக்க முடியும். ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் குழாய் நீரையும் கிணற்று நீரையும் ஆண்டுக்கு இருமுறை அளந்து, முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் மகளிர் குழுவும் அதை வீடுவீடாகச் சேர்க்கும். உலக நிறுவனங்கள் கருவிக்கும் பயிற்சிக்கும் உதவலாம். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. தருமபுரியின் கல்லூரிகள் தம் முதல் அறிக்கையை வைக்க வேண்டிய இடம் அந்தக் கிராம சபை.